இடது கால் பிரேக்: கால் பெடலை விட்டு விலக மாட்டேன் என்கிறது

கார் 2019 மாடல் ஆட்டோமேட்டிக், பெட்ரோல். வலது கணுக்கால் சரியாக மடங்காததால் இரண்டு மாதமாக ஆக்சிலரேட்டருக்கு வலது கால், பிரேக்குக்கு இடது கால். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

தினமும் காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். ஊருக்குள் வண்டி தானாக ஊர்ந்து போகும் வேகத்தில் சிக்கல் இல்லை. மெயின் ரோட்டில்தான் இடது கால் தெரியாமலேயே பெடலில் சாய்ந்துவிடுகிறது. பிரேக் லைட் விட்டுவிட்டு எரிவதால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். இரண்டு பெடலும் சேர்ந்து அழுந்தினால் இன்ஜின் இழுவை சட்டென்று குறைகிறது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் பிரேக் பேட் கருகிய வாசனை. திடீரென்று ஆடு குறுக்கே வந்தால் இன்னும் மோசம்: கிளட்ச் மிதித்துப் பழகிய கால், பிரேக்கையும் அடிவரை மிதித்துவிடுகிறது.

மெக்கானிக் காலிப்பர் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பின்களைக் கழற்றி கிரீஸ் வைத்தார், பிரேக் ஸ்விட்ச், பெடல் பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவு) இரண்டும் சரி என்றார். இதே பாதையில் தம்பி வலது காலால் மட்டும் ஓட்டினான், வாசனையே இல்லை. ஆக, கோளாறு என் காலில்தான். சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினேன், செருப்பை விட்டு மெல்லிய அடி ஷூவுக்கு மாறினேன். காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் கோடு போட்டு நிறுத்திப் பழகினேன். மிதிக்கும் அழுத்தம் கொஞ்சம் பிடிபட்டது, சாய்வது நிற்கவில்லை. டெட் பெடலில் (இடது ஓரத்தில் கால் வைத்துக்கொள்ளும் இடம்) காலை வைத்தால் பிரேக்குக்கு வர நேரமாகிறது.

இடது காலால் பிரேக் பிடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: பெடலில் சாயாமல், அவசரத்துக்கு உடனே எட்டும்படி குதிகாலை எந்த இடத்தில் ஊன்றுகிறீர்கள்?