பார்வையற்றவர்களுக்கு ஆன்லைன் துண்டு வேலை: என்விடிஏ வைத்து எது சரிப்படும்?

அம்பை வாய்க்கால்:
அண்ணாச்சிமாரே, அம்பாசமுத்திரத்துல முழுசா பார்வை இல்லாத ஒரு தங்கச்சி, பி.ஏ. தமிழ். திரையில உள்ளதைப் படிச்சுச் சொல்லுற என்விடிஏ மென்பொருளை வச்சு நல்லா தட்டச்சு செய்யும். சின்னச் சின்ன வேலையா இணையத்துல செஞ்சு காசு வாங்குற துண்டு வேலைத் தளத்துல சேர்ந்திருக்கு. பாதி வேலை படத்தைப் பார்த்துச் சொல்லணும். மீதியில நேரம் முடிஞ்சிருது. தமிழ் ஒலிப்பதிவை எழுதிக் கொடுத்தா எழுத்துப்பிழைன்னு திருப்புதாங்க. என்ன செய்யலாம்?

பாளை விசைப்பலகை:
படத்துல கட்டம் போடுற வேலையை விட்டுருங்க. ஒலியை எழுத்தாக்குறது, வாக்கியத்தை வகைப்படுத்துறது இரண்டும் சரிப்படும். பல தளங்கள்ல வேலையை ஏத்துக்கிட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும். அதனால முன்னோட்டத்துலயே இன்சர்ட்+எஃப்7 அழுத்தி, பட்டன்களோட பட்டியலைக் கேட்கச் சொல்லுங்க. பேரில்லாம வெறும் "பட்டன், பட்டன்"னு வந்தா அந்த வேலையைத் தொட வேண்டாம். நீளமான விதிமுறையைத் தாண்ட 'எச்' விசை தலைப்புக்குத் தலைப்பு கொண்டுபோகும். நேரம் போதாதது அந்தப் பிள்ளையோட குறை இல்ல. கெடு முடியுமுன்ன எச்சரிச்சு, குறைஞ்சது 10 தடவை நீட்டிக்க விடுறதை இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துற மாதிரி அமைக்கிறதுக்கான டபிள்யூசிஏஜி நெறியே ஒரு வழியாச் சொல்லுது. தளத்துக்கு அதைச் சொல்லியே எழுதிக் கேளுங்க.

பொருநைக் கரை:
எழுத்துப்பிழைக்குக் காரணம் காதுதான். ந, ன இரண்டும் ஒரே ஒலி. ர-ற, ல-ள வித்தியாசமும் செயற்கைக் குரல்ல சரியா விழாது. முழுச் சொல்லாக் கேட்டா பிழை தெரியவே தெரியாது. சந்தேகமான எழுத்துல நின்னு, நம்லாக்கை அணைச்சிட்டு, நம்பர் பேட் 2-ஐ வேகமா மூணு தடவை அழுத்தினா யூனிகோட் எண்ணை, அதாவது கணினியில அந்த எழுத்துக்குன்னு உள்ள தனி எண்ணைச் சொல்லும். ந 2984, ன 2985, ண 2979. ர 2992, ற 2993. ல 2994, ள 2995, ழ 2996. இந்த எட்டு எண்ணும் மனப்பாடமானா போதும்.

இன்னொண்ணு: ஒலியை நிறுத்தி ஓட்டுற குறுக்குவிசை என்விடிஏ விசையோட மோதும். முதல்ல இன்சர்ட்+எஃப்2, அப்புறம் அந்த விசை. நேரா தளத்துக்குப் போயிரும். என்விடிஏ பேசும்போது பதிவோட ஒலி தணிஞ்சா, இன்சர்ட்+ஷிஃப்ட்+டி அழுத்தி அதை நிறுத்திக்கலாம்.

கொக்கிரகுளம்:
பணம் வாங்க கேஒய்சி (ஆள் அடையாளச் சரிபார்ப்பு) கேட்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொன்னா மாற்று வழி கேளுங்க. 2025 ஏப்ரல் 30-ல உச்ச நீதிமன்றம் இதுக்கு உத்தரவு போட்டிருக்கு. வேலை தர முன்பணம் கேட்டா மோசடி. கட்டிட்டா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லணும்.

அம்பை வாய்க்கால்:
லேப்டாப்ல நம்பர் பேட் இல்லையே?

பொருநைக் கரை:
என்விடிஏ விசைப்பலகை அமைப்புல 'லேப்டாப்' தளவமைப்பை எடுத்துக்கிட்டு, இன்சர்ட்+முற்றுப்புள்ளி. அதையும் மூணு தடவை.