பெவர்லி ஹில்ஸ் காப் (1984): அந்த ஆர்ட் கேலரி ஆள் என்னதான் சொல்கிறார்?

மொட்டைமாடி:
ஞாயிறு ராத்திரி மச்சானோடு உட்கார்ந்து டிவியில் இந்தப் படத்தைப் பார்த்தேன். டெட்ராய்ட் போலீஸ்காரர் ஆக்ஸல் ஃபோலி (எடி மர்ஃபி), நண்பனைக் கொன்றது யார் என்று தேடிக்கொண்டு பெவர்லி ஹில்ஸ் வருவார். பழைய தோழி ஜென்னி வேலை பார்க்கும் ஆர்ட் கேலரிக்குள் நுழைந்ததும் செர்ஜ் என்று ஒருவர் வந்து நிற்பார். அந்த ஆள் பேசியதில் பாதி புரியவில்லை, ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என் சந்தேகங்கள்: ஆக்ஸல் தன் பெயரைச் சொன்னதும் செர்ஜ் அதை என்னவென்று திருப்பிச் சொல்கிறார்? "அக்பர்" என்கிறான் மச்சான், எனக்கு "அகமது" மாதிரி கேட்டது. அடுத்தது, ஒரு கலைப்பொருளின் விலையைக் கேட்ட ஆக்ஸல் "இங்கிருந்து வெளியே போ" என்கிறார். செர்ஜ் "என்னால் முடியாது" என்கிறார். கடை ஆளையே எதற்கு வெளியே போகச் சொல்கிறார்? நடுவில் வசனம் ஏதும் வெட்டுப்பட்டதா? கடைசியில் "லிட்டில் லெமன் டெஸ்ட்" என்று என்னவோ வருகிறது. கேண்டீனில் ஒரு பிரியாணி பந்தயம் இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓரத்துசீட்டு:
பெரிதாக எதுவும் வெட்டுப்படவில்லை தம்பி. ஒரு கெட்ட வார்த்தையின் சத்தத்தை மட்டும் டிவிக்காரர்கள் அமுக்கியிருப்பார்கள்.

அது என்ன விலை என்று ஆக்ஸல் கேட்பார். 1,30,000 டாலர் என்பார் செர்ஜ். உடனே ஆக்ஸல் "கெட் அவுட் ஆஃப் ஹியர்!" என்பார், நடுவில் அந்தக் கெட்ட வார்த்தையோடு. நாம் "அட போய்யா!" என்கிறோமே, அதேதான் இது. யாராவது நம்ப முடியாத விலை சொன்னால் "அட போய்யா" என்போம், அதைக் கேட்டு எவனும் எழுந்து போவதில்லை. செர்ஜ் மட்டும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் "நோ, ஐ கேனாட்! இட்ஸ் சீரியஸ்" என்பார், இது ரொம்ப முக்கியமான படைப்பு என்றும் சேர்த்துக்கொள்வார். சரி, இதில் ஒன்றாவது விற்றிருக்கிறதா என்று ஆக்ஸல் கேட்க, நேற்றுதான் ஒரு சேகரிப்பாளருக்கு விற்றேன் என்பார். மறுபடியும் "அட போய்யா!" மறுபடியும் "ஐ கேனாட்!"

ரெண்டாவது தடவைதான் எனக்குச் சிரிப்பு அதிகம் வரும்.

தறிச்சத்தம்:
அண்ணே, ஒரு சின்ன ஆட்சேபம். அவர் வெளியே போகச் சொன்னதாகவே செர்ஜ் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கட்சி. அந்தப் பேச்சுவழக்கு அவருக்கு அரைகுறையாகப் புரிகிறது. "விளையாடாதே" என்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு, "இல்லை, இதில் விளையாட முடியாது, இது சீரியஸ்" என்று பதில் சொல்கிறார். "சீரியஸ்" என்ற சொல் அங்கே வந்து விழுவதே அதனால்தான்.

ஓரத்துசீட்டு:
அப்படியும் எடுக்கலாம்தான். ஆனால் "கேனாட்" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பாருங்கள். கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று நிஜமாகவே கவலைப்படுகிற முகம் அது.

ஆய்தம்:
பெயர் விஷயத்துக்கு நான் வருகிறேன். ஹெட்ஃபோன் மாட்டி, வேகத்தை 0.75 ஆக்கி நாலைந்து தடவை கேட்டேன். அக்பரும் இல்லை, அகமதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இதை எழுத ஆளுக்கொரு ஸ்பெல்லிங் போட்டுத் திண்டாடுகிறார்கள், நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது: "அஃவெல்". ஆக்ஸலில் இருக்கிற "க்ஸ்" உடைந்து, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு ஒலியாக வருகிறது. ஆய்த எழுத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று எங்கள் தமிழய்யா நினைத்திருக்கமாட்டார்.

டெஸ்ட் இல்லை, "லெமன் ட்விஸ்ட்". எலுமிச்சைத் தோலை மெல்லிசாகச் சீவி, முறுக்கி எஸ்பிரெஸோ கோப்பையோடு கொடுப்பார்கள். இந்தக் காபியை உள்ளே நானே போடுகிறேன், குடித்துப் பாருங்கள் என்று செர்ஜ் உபசரிக்கிறார். எஸ்பிரெஸோவில் பால் கிடையாது, அதனால் சரி. நம் ஃபில்டர் காபியில் முயற்சி செய்து பாலைத் திரித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

சவுண்ட்பாக்ஸ்:
வசனம் மங்கலாகக் கேட்பதற்கு டிவி செட்டிங்கும் காரணமாக இருக்கலாம். ஒலி வெளியீடு 5.1 (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்புவது) என்று இருந்து, உங்களிடம் இருப்பது டிவியின் ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் என்றால், பேச்சு வருகிற நடுச் சேனல் அமுங்கிப் போகும். ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். செர்ஜ் விஷயத்தில் எந்த செட்டிங்கும் முழுசாக உதவாது, அது வேறு.

மொட்டைமாடி:
ஸ்டீரியோவில் நன்றாகவே கேட்கிறது, நன்றி. அஃவெல், அஃவெல் என்று வீடே சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த நடிகர் யார்? அதற்கப்புறம் வேறு எதிலாவது நடித்தாரா?

ஓரத்துசீட்டு:
பிரான்சன் பிஞ்சாட். அமெரிக்காவிலேயே பிறந்தவர், அந்த உச்சரிப்பு முழுக்க அவர் கட்டியது. முன்பு கூட வேலை பார்த்த ஒரு மேக்கப் பெண்மணியின் பேச்சிலிருந்து எடுத்தது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். எந்த ஊர் ஆள் இவர் என்று பார்க்கிறவனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அழகு. படத்தில் சில நிமிஷங்கள்தான் வருகிறார், ஆனால் எடி மர்ஃபியை எதிரே வைத்துக்கொண்டு காட்சியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அப்போது மர்ஃபிக்கு 23 வயது, யாரையும் வாயைத் திறக்கவிடாத காலம். இங்கே பாதி நேரம் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.

பிறகு 1986 முதல் 1993 வரை ஓடிய "பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்" டிவி தொடரில் பால்கி என்ற வெளிநாட்டுக்காரராக வந்தார். செர்ஜ் ரெண்டாம் பாகத்தில் இல்லை. மூன்றாவதில் (1994) உண்டு, 2024-இல் வந்த நாலாவதிலும் உண்டு.

மொட்டைமாடி:
பந்தயம் யாருக்கும் இல்லை என்று முடிவாகி, பிரியாணியைப் பாதிப் பாதி காசு போட்டுச் சாப்பிட்டோம். கேண்டீன்காரர் 260 ரூபாய் என்றதும் மச்சான் "அட போங்கண்ணே!" என்றான். அவர் கல்லாவைவிட்டு நகராமல் "முடியாதுப்பா" என்றார். இந்தப் படத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.