முதல் கிளினிக்கல் போஸ்டிங்: சீருடைப் பையில் எதை வைப்பது, வீட்டிலேயே எதை விட்டுச் செல்வது?

காவிரிக்கரை (பி.எஸ்சி. நர்சிங், முதலாமாண்டு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் எங்கள் வகுப்புக்கு அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் முதல் கிளினிக்கல் போஸ்டிங் (நோயாளிகளிடையே நேரடிப் பயிற்சி) தொடங்குகிறது. கல்லூரியில் கொடுத்த ‘பாக்கெட் ஆர்ட்டிகிள்ஸ்’ பட்டியலில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், முனை மழுங்கிய கத்தரி, பென் டார்ச், இஞ்ச் டேப், வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், சிறு குறிப்பேடு, நீலம், சிவப்பு, பச்சை நிறப் பேனாக்கள் ஆகியவை இருக்கின்றன. இவை போக ஸ்டெதாஸ்கோப், செய்த பயிற்சிகளுக்குக் கையெழுத்து வாங்கும் லாக் புக், செய்முறைகளை விளக்கும் புரொசீஜர் புக், மருந்துகளைப் பற்றிய ஒரு தடித்த நூல், சாப்பாடு, தண்ணீர் என்று எடுத்து வைத்துப் பார்த்தால் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புவது போல இருக்கிறது.

சீருடையில் இரண்டே பைகள்தாம் உள்ளன. எவற்றை உடம்போடு வைத்திருக்க வேண்டும், எவற்றைக் கைப்பையில் வைக்கலாம், அந்தக் கைப்பையை வார்டில் எங்கே வைப்பது, ஸ்டெதாஸ்கோப்பைச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ள அக்காக்களும் அண்ணன்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சிவப்புமை (மூன்றாமாண்டு) எழுதியது:

தங்கைக்கு வணக்கம். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முதல் நாள் கொண்டுபோங்கள், மேடம் சரிபார்ப்பார். ஆனால் உண்மையில் ஒரு மணி நேரத்தில் பலமுறை கை தேடுவது குறிப்பேட்டையும் நீலப் பேனாவையும் கடிகாரத்தையும்தான். ஆகவே அவை வலப்பக்கப் பையில் இருக்கட்டும். தெர்மாமீட்டர் அதன் உறையோடும், டார்ச்சும், கத்தரியும் இடப்பக்கம் போகட்டும். கத்தரியை முனை கீழ்நோக்கி இருக்குமாறு வையுங்கள். குனிந்து படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் மேல் பையில் இருப்பது நோயாளியின் மேல் விழும் என்பதால், உங்கள் சீருடையில் மேல் பை இருந்தால் அதில் பேனாவைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம்.

குறிப்பேடு உள்ளங்கை அளவில், சுருள் கம்பி இல்லாததாக இருப்பது நல்லது. கம்பி சீருடை நூலை இழுக்கும். இரத்த அழுத்த அளவைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளும் பழக்கம் எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு இருந்தது. அடுத்த நோயாளிக்குப் போகுமுன் கையைக் கழுவினால் அளவும் போய்விடும், அளவைக் காப்பாற்ற நினைத்தால் கை கழுவ முடியாது. எனவே படுக்கை எண், நேரம், நாடித்துடிப்பு, சுவாசம், வெப்பநிலை, இரத்த அழுத்தம் என்று கட்டங்களை முந்தின இரவே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேனாக்களின் நிறம் பற்றி: பல மருத்துவமனைகளில் பகல் பணிக்கு நீலமும் இரவுப் பணிக்குச் சிவப்பும் பழக்கம். மாலைப் பணிக்குப் பச்சை எழுதும் இடங்களும் உண்டு. வார்டுக்கு வார்டு இது மாறும் என்பதால் முதல் நாளே பொறுப்புச் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம். ஈரம் பட்டால் சார்ட்டில் மை பரவிவிடும்.

ஸ்டெதாஸ்கோப் சொந்தமாக வாங்குங்கள் என்பதே என் கருத்து. விலையுயர்ந்தது தேவையில்லை. வார்டில் பொதுவாகக் கிடக்கும் ஒன்றில் காதுமுனை கிழிந்திருக்கும், அல்லது மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். மருந்து நூலை விடுதியிலேயே விட்டுவிட்டு, அன்று உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நோயாளியின் மருந்துகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வந்து இரவில் படியுங்கள்.

இரவுப்பணி (ஸ்டாஃப் நர்ஸ்) எழுதியது:

மேலே சொன்னவை சரியே. ஆனால் எங்கே வைப்பது என்பதைவிட, ஒரு நோயாளியைத் தொட்ட பொருள் அடுத்தவரிடம் எப்படிப் போகிறது என்பதுதான் எங்களுக்குக் கவலை தருவது. உங்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாதது எதுவும் படுக்கையருகே வரக்கூடாது. துணி உறை போட்ட ஸ்டெதாஸ்கோப், பொம்மை தொங்கும் பேனா, துணியாலான பேனா உறை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தெர்மாமீட்டரைத் துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பயன்படுத்துமுன் நோயாளியைத் தொடும் முனையிலிருந்து பிடிக்கும் பகுதியை நோக்கித் துடைக்க வேண்டும். பயன்படுத்திய பின் பிடிக்கும் பகுதியிலிருந்து முனையை நோக்கித் துடைக்க வேண்டும். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போவது என்னும் ஒரே விதிதான் இரண்டிலும் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் பின் 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போகாதீர்கள். வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருக்கிறதே என்று அதை எடுத்து வர வேண்டாம். உடைந்தால் பாதரசம் கட்டிலின் அடியெல்லாம் உருண்டோடும். பாதரசம் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின்படி அத்தகைய தெர்மாமீட்டர்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020ஆம் ஆண்டோடு நிறுத்த வேண்டும் என்று முடிவானதும் பாதரசத்தின் நச்சுத்தன்மையால்தான்.

கைக்கடிகாரம் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே கடிகாரமோ வளையலோ அணியக் கூடாது என்பது நடைமுறை. அங்கே செவிலியர்கள் சீருடையில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் சிறு கடிகாரத்தையே பயன்படுத்துகிறார்கள். நம் கல்லூரிகள் பட்டியலில் கைக்கடிகாரம் என்று எழுதினாலும், குத்திக்கொள்ளும் கடிகாரத்துக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தோல்பட்டை வேண்டாம், ரப்பர் பட்டையாக வாங்கி, கை கழுவும்போது கழற்றிப் பையில் போடுங்கள். சோப்புத் தண்ணீரில் முறையாகக் கை கழுவ 40 முதல் 60 வினாடிகள் வரை ஆகும். மணிக்கட்டும் அதில் சேர்த்தி. பையில் சானிடைசர் புட்டி இருந்தாலும், கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் தண்ணீரும் சோப்பும்தான்.

எதைக் கொண்டுவருவது என்பதோடு, வார்டிலிருந்து எதை எடுத்துச் செல்லக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குப்பைத்தொட்டி தூரத்தில் இருக்கிறது என்பதற்காகக் கழற்றிய கையுறை, ஊசி மூடி, உடைத்த ஆம்பூலின் (ஊசி மருந்து உள்ள சிறு கண்ணாடிக் குப்பி) கழுத்து ஆகியவற்றைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடும் மாணவர்களை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் தொட்டிக்கும், கையுறையும் குழாய்களும் சிவப்புக்கும், ஊசிகள் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கும், கண்ணாடி நீலத்துக்கும் போக வேண்டும். சீருடைப் பைக்கு அந்த வரிசையில் இடமில்லை.

இன்னொன்று: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்ட அட்டையின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். அது 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று தவணையாகப் போடப்படுவது. போஸ்டிங் தொடங்கிய பிறகு நினைத்துக்கொள்வதற்கு உரியதன்று. ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் தொடங்குவதில்லை.

காவிரிக்கரை:

மிக்க நன்றி அக்கா. கைப்பையை எங்கே வைப்பது என்பதையும், செல்போனைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? இரண்டாம் பருவத்தில் சமூக நலப் போஸ்டிங் (வீடுகளுக்குச் சென்று செய்யும் பயிற்சி) பற்றியும் சீனியர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதற்கும் தனிப் பை உண்டு என்கிறார்கள்.

படுக்கைஎண்12 (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்) எழுதியது:

கைப்பையை நோயாளியின் கட்டிலிலோ அவருடைய பக்கத்து அலமாரியிலோ தரையிலோ வைக்கக் கூடாது. மாணவர்களுக்கென்று அறை இருந்தால் அங்கே. இல்லையென்றால் எல்லோருடைய பைகளையும் ஒரே மேசையில் வைத்து, முறை போட்டு ஒருவர் கண்வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் பணமும் நகையும் கொண்டுவர வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். செல்போன் அந்தப் பையிலேயே அணைந்த நிலையில் இருக்கட்டும். மருந்தின் அளவைத் தேடினேன் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மகனுக்கு மூச்சுத் திணறுகிறது என்று பதறி நிற்கும் தாய் பார்ப்பது போனைத் தடவிக்கொண்டிருக்கும் ஒரு சீருடையைத்தான்.

போனைவிட நான் அதிகம் கவலைப்படுவது அந்தச் சின்னக் குறிப்பேட்டைப் பற்றித்தான். பெயர், வயது, நோய், ஊர் என்று எல்லாவற்றையும் அதில் எழுதிக்கொண்டு பேருந்தில் மடியில் விரித்து வைத்துக் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதுகிறார்கள். பக்கத்து இருக்கையில் அந்த நோயாளியின் ஊர்க்காரர் இருக்கக் கூடும். பெயரை எழுதாதீர்கள், கேஸ் ஸ்டடிக்கும் ‘திரு. அ.’ என்பது போதும். கேஸ் ஷீட்டை (நோயாளியின் மருத்துவக் குறிப்புத் தாள்) படம் எடுப்பதும், அதை வகுப்புக் குழுவில் பகிர்வதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

லாக் புக்கை மட்டும் ஒருநாளும் மறக்க வேண்டாம். செய்த புரொசீஜருக்கு அன்றன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்; பருவ இறுதியில் பத்துப் பேர் சேர்ந்து பழைய தேதிகளுக்குக் கையெழுத்துக் கேட்டு நின்றால் எந்த ஆசிரியரும் போட மாட்டார், போடவும் கூடாது.

சமூக நலப் பை வேறு வகை. வார்டுப் பையில் பொருளுக்கு இடம் தேடுகிறீர்கள். சமூக நலப் பையில் பொருளை எடுக்கும் வரிசையே பாடம். வீட்டுக்குள் போனதும் சமதளமான இடத்தில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் பையை வைக்க வேண்டும். வெளிப்பையில் இருக்கும் சோப்பையும் துண்டையும் எடுத்துக் கை கழுவிய பிறகே உட்பகுதியைத் திறக்க வேண்டும். வேண்டியவை அனைத்தையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டுப் பையை மூடிவிட வேண்டும்; பாதியில் கையுறையோடு துழாவினால் பை முழுவதும் அசுத்தமாகிவிடும். சிறுநீரில் சர்க்கரை பார்க்க வைத்திருக்கும் பெனடிக்ட் கரைசல், சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு ஆகியவை கவிழாதபடி நிமிர்ந்து நிற்க வேண்டும். வேலை முடிந்து பொருள்களைச் சுத்தம் செய்து, மறுபடி கை கழுவி உள்ளே வைத்த பிறகு, செய்தித்தாளைத் தரையைத் தொட்ட பக்கம் உட்புறம் போகும்படி மடிக்க வேண்டும். புறத்தேர்வாளர்கள் இந்த மடிப்பைக் கூர்ந்து பார்ப்பார்கள்.

சிவப்புமை:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போஸ்டிங் முடிந்து விடுதிக்கு வந்ததும் சீருடையைக் கழற்றுமுன் இரண்டு பைகளையும் வெளிப்புறமாகப் புரட்டிப் பாருங்கள். பிறகு மற்றத் துணிகளோடு சேர்க்காமல் சூடான நீரில் தனியாகத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். சாப்பாட்டு டப்பாவும் லாக் புக்கும் கைப்பையின் ஒரே அறையில் இருக்க வேண்டாம்; ரசம் கசிந்த லாக் புக்கில் கையெழுத்து வாங்கப் போனவர்களுக்குத் தெரியும் அந்தச் சங்கடம். காலை 7 மணிக்குள் வார்டில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.