இறந்த குரங்கைக் கண்டால் என்ன செய்வீர்கள்? காடு, கொசு, காய்ச்சல்: நேரில் கண்டவை

காட்டுவழி:
காட்டில் வேலை பார்ப்பவர்கள், விலங்குகளைப் பராமரிப்பவர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அவரவர் கண்டதை எழுதுங்கள். கொசு வழியாகப் பரவும் மஞ்சள் காய்ச்சல் என்ற வைரஸ் நோயின் பேச்சு எழுந்தாலே "குரங்குகளை ஒழித்துவிட்டால் தீர்ந்தது" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பிரேசிலில் 2016 கடைசியில் தொடங்கிய பரவலின்போது ஹவ்லர் குரங்குகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அந்த வைரஸைத் தாங்கும் வலு அவற்றுக்கு மிகக் குறைவு. பயந்துபோன சிலர், பிழைத்திருந்த குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். குரங்கிடமிருந்து இந்த நோய் நேராக மனிதனுக்குத் தொற்றாது. நடுவில் ஒரு கொசு கடித்தாக வேண்டும். வைரஸ் வந்துவிட்டது என்பதை நமக்கு முன்னாலேயே தெரிவித்துவிட்டுச் சாகிற உயிரை அடித்துக் கொல்வது எந்த ஊர் நியாயம்?

குரங்குக் கணக்கெடுப்புக்குப் போன ஒரு காட்டோரத்தில் மரத்தடியில் ஒரு ஹவ்லர் கிடந்தது. உடம்பில் காயமில்லை, ஈறும் கண்ணும் மஞ்சள் பூத்திருந்தன. வழிகாட்டி குச்சியால் புரட்டப் போனார். குழுத் தலைவர் தடுத்துவிட்டார். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, சுகாதாரத் துறைக்குச் சொன்னோம். கையுறையும் முகக்கவசமும் அணிந்து வந்தவர்கள் ஈரலிலிருந்து மாதிரி எடுத்துப் போனார்கள். முடிவு வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்குள் தடுப்பூசிக் குழு வீடு வீடாக ஏறி இறங்கியது. ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது, சுமார் 10 நாட்கள் பிடிக்கும். அதுவரை காட்டுக்குள் போக வேண்டாம் என்று சொல்லிப் புரியவைத்ததுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.

மரமேறி:
மரம் வெட்டும் குழுக்களோடு இருந்தவன் நான். தென் அமெரிக்கக் காடுகளில் இந்தக் காய்ச்சலைச் சுமக்கும் ஹீமகோகஸ் கொசு மர உச்சியில், குரங்குகளின் மட்டத்தில் வாழ்கிறது. கடிப்பதும் பகலில். பெரிய மரம் ஒன்று சாய்ந்ததும் உச்சியில் இருந்த கொசுக்கள் தரைக்கு வந்துவிடும். ரம்பத்தை அணைத்துவிட்டு வியர்வையைத் துடைக்கிறவரின் முழங்கையில் நீலமாக மின்னிக்கொண்டு ஒன்று வந்து உட்காரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மரப்பொந்தில் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்: மக்கிய இலையும் கறுத்த தண்ணீரும், அதில் நெளியும் புழுக்களும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் பொந்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். எத்தனை பொந்தை அடைப்பீர்கள்? காட்டுக்குள் புகை அடிப்பதும் வீண் வேலை. அதனால் எங்கள் குழுவில் ஒரே சட்டம்: தடுப்பூசி அட்டை இல்லாதவருக்கு ரம்பம் கிடையாது. ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். வெளிநாட்டுப் பயணத்துக்கான தடுப்பூசிச் சான்றிதழும் 2016 ஜூலை முதல் ஆயுளுக்கும் செல்லும். ஊசி மட்டுமே நம்பகமான பூட்டு என்பது என் கட்சி.

நுண்ணோக்கி:
மஞ்சள் காய்ச்சலுக்கு அது சரி. குரங்கு மலேரியாவுக்கு எந்த ஊசியைத் தேடுவீர்கள், மரமேறி? பிளாஸ்மோடியம் நோலெசி என்ற ஒட்டுண்ணியைச் சொல்கிறேன். தென்கிழக்கு ஆசியாவில் நீண்டவால் மக்காக், பன்றிவால் மக்காக் குரங்குகளின் ரத்தத்தில் இருப்பது. அனோஃபிலிஸ் கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. அதற்குத் தடுப்பூசி இல்லை.

ரத்தப் பூச்சு பார்ப்பது என் வேலை. நுண்ணோக்கியில் இது பட்டை பட்டையாகத் தெரியும். 'மலேரியே' என்ற சாதுவான மலேரியா ஒட்டுண்ணி வகையும் அப்படியேதான் தெரியும். 2004இல் வெளியான ஆய்வில், மலேசியாவின் சரவாக் மாநிலத்துக் கபிட் பகுதியில் மலேரியே என்று எழுதப்பட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை நோலெசி என்று மரபணுச் சோதனை காட்டியது. சாது இல்லை இது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். காலையில் எழுந்து பேசிக்கொண்டிருந்தவர் இரண்டொரு நாளில் தீவிர சிகிச்சையில் கிடப்பார். ஒரு பூச்சில் பட்டை வடிவம் இருந்தது, ஆனால் மலேரியேவுக்கு ஒவ்வாத அளவுக்கு ஒட்டுண்ணிக் கூட்டம். மருத்துவரை அழைத்து "இவர் காட்டுக்குப் போனாரா என்று கேளுங்கள்" என்றேன். தோட்டத்துக் குடிசையில் தங்கி வேலை செய்தவராம். மாலையில் குரங்குகள் தலைக்கு மேலேயே இருக்குமாம். அன்றே தீவிர மலேரியாவுக்கான மருந்தைத் தொடங்கினார்கள், பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனையின் முடிவு பிறகுதான் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

கொசுவலை வேண்டும்தான். ஆனால் இந்தக் கொசு பெரும்பாலும் வெளியில், இருட்டத் தொடங்கும்போதே கடித்து முடித்துவிடுகிறது. நாம் வலைக்குள் நுழைவது அதற்கும் பிறகு. பொழுது சாயும் முன்பே முழுக்கைச் சட்டை, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய துணி, தோலில் விரட்டிக் களிம்பு. இவை பழக வேண்டும். காட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வயல்மேடு:
எங்கள் கதையில் குரங்கு இல்லை, கொக்கும் நாரையும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது, பன்றியின் உடலில் பல்கிப் பெருகுகிறது, நீர் தேங்கிய வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை நம்மிடம் கொண்டுவருகிறது. பன்றிக் கொட்டிலை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம், குழந்தைகளுக்கு ஊசி போட்டோம். கொக்கை விரட்ட யாரும் போகவில்லை. விரட்டினால் அடுத்த வயலில் இறங்கும், அவ்வளவுதான்.

பறவைக்கூடம்:
1999இல் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. அதே சமயத்தில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முதலில் சொல்லிவிட்டார்கள். பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தின் நோய்க்கூறு நிபுணர் டிரேசி மெக்நமாரா அதை ஏற்கவில்லை. அந்த நோய் பறவைகளைக் கொல்வதில்லை, இங்கே ஃபிளமிங்கோக்கள்கூடச் செத்திருக்கின்றனவே என்று விடாமல் கேட்டார். கடைசியில் அது வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது; அந்தக் கண்டத்தில் அதுவரை காணாதது. பறவைகளைப் பராமரிக்கிற எங்களுக்கு இன்றும் பெருமையான கதை.

அதனால்தான் செத்த காகத்தை நாங்கள் குப்பையில் எறிவதில்லை. பிளாஸ்டிக் பையைக் கையில் உறையாக மாட்டி, காகத்தைப் பிடித்து, பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டு, பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கூண்டுகளின் தண்ணீர்ச் சட்டிகளை அடிக்கடி கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். வெறுமனே கொட்டி நிரப்பினால் சில வகைக் கொசு முட்டைகள் ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கும். வற்றவைக்க முடியாத குட்டைக்கு பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து. புழுவைக் கொல்லும், மீனையும் பறவையையும் தொடாது. வெஸ்ட் நைலுக்குக் குதிரைக்கு ஊசி உண்டு, மனிதனுக்கு இல்லை. அதனால் சட்டி கழுவுவதைச் சின்ன வேலை என்று யாரும் சொல்ல விடமாட்டேன்.

புதியவன்:
சில இடங்களில் கொசுவுக்குக் காவலாகக் கோழி வளர்க்கிறார்களாமே? அந்தக் கோழியிடமிருந்தே நோய் பரவாதா?

பறவைக்கூடம்:
பரவாது, தம்பி. வளர்ந்த கோழியை வெஸ்ட் நைல் வைரஸைச் சுமக்கும் கொசு கடித்தால் அதன் உடலில் எதிர்ப்பொருள் உருவாகும். ஆனால் ரத்தத்தில் வைரஸ் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு ஏறாது. கோழியும் பெரும்பாலும் நோய்வாய்ப்படாது. புளோரிடாவில் பல காலமாக இப்படி வைத்திருக்கிறார்கள். குறித்த இடைவெளியில் இறக்கையிலிருந்து துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் தென்பட்டால் அந்தப் பகுதியில் வைரஸ் உலவுகிறது என்று பொருள். உடனே கொசு ஒழிப்பு அங்கே திரும்பும். எதிர்ப்பொருள் வந்த கோழி மறுபடி காவலுக்கு ஆகாது. அதை எடுத்துவிட்டுப் புதுக்கோழியை விடுவார்கள்.