பெரிய கொம்பனியின் இலவசக் கருவியை நம்பிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா?

உவர்மலை வாத்தியார்:
சனிக்கிழமைகளில் திருகோணமலை உவர்மலையில் 14 பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசிச் செயலி எழுதப் பழக்குகிறேன். அடுத்த தவணைக்கு, செயலி செய்கிற மைக்ரோசொஃப்டின் இலவசக் கருவியான டொட்நெட் மௌயியை எடுக்கலாம் என்று இருக்கிறேன். அதில் எழுதுகிற சி ஷார்ப் நிரல்மொழி பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. மௌயிக்கு முந்தியது ஸாமரின். மிகேல் டி இகாஸாவும் நாட் ஃப்ரீட்மனும் 2011இல் தொடங்கிய நிறுவனம் அது. சி ஷார்ப்பில் ஒருமுறை எழுதினால் அண்ட்ராய்டிலும் ஐபோனிலும் பெரும்பகுதி ஓடும். ஆனால் மைக்ரோசொஃப்டின் நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவோடு சேர்த்துப் பாவிக்க ஓர் ஆளுக்கு, ஒரு தளத்துக்கு, வருடத்துக்கு 999 டொலர் கேட்டார்கள். அன்றைய கணக்கில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. 2016 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. மார்ச் முடிவதற்குள் இலவசமாக்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

டைக்வீதி:
சேர், நன்றி இருக்கட்டும். பிள்ளைகளின் இரண்டு வருடத்தை நன்றிக்காகக் கொடுக்காதீர்கள்.

கைத்தொலைபேசியில் மைக்ரோசொஃப்ட் நடந்த வழியைப் பாருங்கள். 2010இல் விண்டோஸ் போன் வந்தது. 2012இல் எட்டாம் பதிப்பு வந்தபோது, ஏழு வாங்கியவர்களின் போனுக்கு அதை ஏற்ற முடியாது என்றார்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கி முடித்தார்கள். அடுத்த வருடம் யூலையிலேயே 7.6 பில்லியன் டொலரை நட்டம் என்று எழுதித் தள்ளினார்கள். 2020 ஜனவரியோடு விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவும் முடிந்தது. நீங்கள் புகழ்கிற ஸாமரினுக்கு 2024 மே 1 கடைசி நாள். செயலிகளைச் சோதிக்கவும் விநியோகிக்கவும் வைத்திருந்த அப் சென்டர் 2025 மார்ச் 31உடன் மூடப்பட்டது. இதற்குப் பிறகும் அதே வாசலில் போய் நிற்கச் சொல்கிறீர்களா?

கிண்ணியாப் பாலம்:
டைக்வீதி அண்ணை, போன் விற்றதையும் கருவி கொடுத்ததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். போன் சந்தையில் தோற்றார்கள், உண்மை. ஆனால் நிரல் எழுத அவர்கள் 2015இல் இலவசமாகக் கொடுத்த விஎஸ் கோட் இன்று நீங்களும் பாவிப்பதுதானே?

ஸாமரின் செத்துப்போகவில்லை, மௌயி ஆகியிருக்கிறது. 2022 மேயில் மௌயி வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பழையதை நிறுத்தினார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில்தானே கடந்தோம்? பாலம் வந்த பிறகு பாதை நின்றுவிட்டதே என்று யாரும் அழவில்லை.

டைக்வீதி:
தம்பி, பாலத்தில் ஏறுவதற்கு உங்கள் பைக்கைக் கழற்றிப் பூட்டச் சொன்னார்களா? ஸாமரினின் திரை அமைக்கும் பகுதியான ஸாமரின் ஃபோர்ம்ஸிலிருந்து மௌயிக்கு மாறும்போது அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. திட்டக் கோப்பின் அமைப்பு மாறியது. நிரலின் பகுதிகளைக் குறிக்கும் பெயர்வெளிகள் மாறின. திரையில் பொத்தான் போன்றவற்றை வரைய ரெண்டரர் என்று எழுதிய துண்டுகளை, ஹாண்ட்லர் என்ற புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மௌயிக்கு மாறாத மூன்றாம் தரப்பு நூலகம் ஒன்று இருந்தால் அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். பத்துப் பேர் இருக்கிற அலுவலகத்துக்கு அது ஒரு மாத வேலை. தனியாக இருந்து எழுதுகிற பெடியனுக்கு அதோடு செயலியே நின்றுவிடும்.

நிலாவெளி அக்கா:
வீட்டில் இருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு ஆறு வருடமாகச் செயலி எழுதுகிறேன். என் தெரிவு, இதே வேலையைச் செய்கிற கூகுளின் ஃப்ளட்டர். 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது. திரையில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால், கேபிளில் தொங்குகிற போனில் உடனே மாறும். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சந்தோசம் முக்கியம்.

டைக்வீதி சொல்கிற பயம் எனக்கும் தெரியும். ஓர் இலவசத் தரவுச் சேவையை நம்பி (பெயர் வேண்டாம்) ஒரு கடைக்குச் செயலி செய்து கொடுத்திருந்தேன். ஒரு நாள் மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று இரவு தரவை இறக்கினேன். அதனால் இப்போது ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: மூலநிரல் திறந்ததா, அதாவது யாரும் எடுத்துப் பாவிக்கலாமா? ஃபேஸ்புக் 2013இல் பார்ஸ் என்ற அப்படியான தரவுச் சேவையை வாங்கி, 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொன்னது. ஆனால் ஒரு வருட அவகாசம் கொடுத்து, சேவையகத்தின் நிரலையும் வெளியிட்டது. ஆட்கள் அதைத் தங்கள் கணினியில் நிறுவித் தொடர்ந்தார்கள். ஃப்ளட்டரும் திறந்த நிரல்தான், மௌயியும் அப்படியே. கொம்பனி போனாலும் நிரல் மிஞ்சும்.

டைக்வீதி:
அக்கா, நிரல் மிஞ்சும், சரி. ஐபோன் புதுப் பதிப்பு வரும் ஒவ்வொரு வருடமும் அதைத் திருத்துவது யார்? நிலாவெளியில் நீங்களும் டைக் வீதியில் நானுமா? அதனால்தான் சொல்கிறேன், அண்ட்ராய்டுக்கு கொட்லின் என்ற நிரல்மொழியை நேரடியாகப் படிப்பியுங்கள். அதைச் செய்தது ஜெட்பிரெய்ன்ஸ் என்ற நிறுவனம். 2017இல் கூகுள் ஏற்றுக்கொண்டது. போனுக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் ஓர் அடுக்கு குறையும்.

கிண்ணியாப் பாலம்:
கொட்லினில் செயலி எழுதுகிற மென்பொருளான அண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். சேரின் வகுப்புக் கணினிகளில் எத்தனை ஜிபி?

உவர்மலை வாத்தியார்:
ஆறில் 8 ஜிபி, மற்றதெல்லாம் 4. கணினிக்குள்ளேயே போனைப் போல ஓடுகிற எமுலேட்டரை நினைக்கவே முடியாது. கண்ணாடி வெடித்த பழைய போன்கள் மூன்றைக் கேபிளில் போட்டுத்தான் சோதிக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். மூதூரிலிருந்து வருகிற ஒரு பிள்ளை மீன்பிடிக்கிற அப்பாவின் சிஆர் கொப்பியை, அதாவது தடித்த கணக்குக் கொப்பியை, கொண்டுவந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து சூடை, கும்பளா, பாரை என்று கிலோக் கணக்கு. ஓரத்தில் ஐஸ், எண்ணெய்ச் செலவு. அடியில் படகுக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்ற பங்கு. பல இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. அதைச் செயலியாக்கப்போகிறாள். கடலில் சிக்னல் கிடையாது, எனவே எல்லாம் போனிலேயே, எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளக் கோப்பில் இருக்க வேண்டும்.

டைக்வீதி சொன்னதை வாசித்த பிறகு யோசித்தேன். அந்த எஸ்கியூலைட் கோப்பு மௌயியாலும் திறக்கும், ஃப்ளட்டராலும் திறக்கும், கொட்லினாலும் திறக்கும். பங்கு பிரிக்கிற கணக்கும் எந்த மொழியிலும் ஒன்றுதான். முதல் ஆறு வாரம் தரவும் கணக்கும் மட்டும் படிப்பித்து, திரையைப் பிறகு தொட்டால் என்ன?

நிலாவெளி அக்கா:
அருமை சேர். இன்னொன்று. பிளே ஸ்டோரில் பதிய ஒருமுறை 25 டொலர் போதும், அப்பிளுக்கு வருடா வருடம் 99. 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், வெளியிட முன் சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், இப்போது 12. உங்கள் வகுப்பே போதும்.

டைக்வீதி:
தரவை முதலில் படிப்பிப்பதற்கு நான் முழுச் சம்மதம். மௌயிக்கு இன்னும் சம்மதமில்லை. ஏழாம் வாரம் நான் வருகிறேன். அதே பங்குக் கணக்கை நான் கொட்லினில் எழுதுகிறேன், கிண்ணியாத் தம்பி மௌயியில் எழுதட்டும், அக்கா ஃப்ளட்டரில். அந்த 4 ஜிபி கணினியில், பிள்ளைகளுக்கு முன்னால். கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிண்ணியாப் பாலம்:
வருகிறேன் அண்ணை. 4 ஜிபி கணினியில் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் பிள்ளைகளிடம் இருப்பது அதுதானே.