நாற்பது நிமிட வேலை இரண்டாவது ஒர்க்கருக்கும் போகிறது: ஒப்புகையை எப்போது அனுப்புவது?

கேள்வி:
வீடியோ கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையை 8 ஒர்க்கர் இயந்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்க, வேலைகளைச் செய்திகளாக வரிசையில் வைத்து அனுப்பும் ராபிட்எம்க்யூ மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மாற்றம் முழுவதும் முடிந்த பிறகே, வரிசையிலிருந்து வேலையை நீக்கலாம் என்று சொல்லும் ஒப்புகையை ஒர்க்கர் அனுப்புகிறது. சிறிய கோப்புகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 40 நிமிடம் பிடிக்கும் கோப்பு வந்தால், முதல் ஒர்க்கர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே அதே வேலை இன்னொரு ஒர்க்கரிடம் போய்விடுகிறது. ஹார்ட்பீட் (இணைப்பைச் சோதிக்க அவ்வப்போது போகும் சிறு சமிக்ஞை) தடையின்றிப் போவதை உறுதிசெய்துவிட்டேன். பிறகு ஏன் வேலை பறிபோகிறது? வேலை கைக்கு வந்தவுடனேயே ஒப்புகை அனுப்பிவிடலாமா?

பதில் 1:
ஹார்ட்பீட் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கையில் உள்ள வேலை நகர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. உங்களைத் தடுப்பது வேறொரு கெடு. விநியோகித்த செய்திக்கு ஒப்புகை வரவேண்டிய காலம், நீங்கள் மாற்றாதவரை, 30 நிமிடம். அதைத் தாண்டினால் புரோக்கர் (ராபிட்எம்க்யூ சர்வர்) அந்தச் சேனலை, அதாவது இணைப்புக்குள் ஒர்க்கர் பயன்படுத்தும் தனிப் பாதையை, மூடிவிட்டு, செய்தியை மீண்டும் வரிசையில் சேர்த்துவிடும். எந்தச் செய்திக்கான ஒப்புகை என்று காட்டும் விநியோக எண் அந்தச் சேனலுக்குள் மட்டுமே செல்லும் என்பதால், 40ஆவது நிமிடத்தில் முதல் ஒர்க்கர் தரும் ஒப்புகைக்கும் பயன் இல்லை. புரோக்கரின் பதிவுக் கோப்பில் சேனல் மூடப்பட்ட நேரத்தைப் பாருங்கள்.

பதில் 2:
முன்கூட்டியே ஒப்புகை அனுப்ப வேண்டாம். இடையில் இயந்திரம் நின்றுபோனால் அந்த வேலை எந்த வரிசையிலும் இருக்காது, தொலைந்ததும் தெரியாது. கன்ஸ்யூமர் டைம்அவுட் (மேலே சொன்ன 30 நிமிடக் கெடு) அளவை 2 மணி நேரமாக உயர்த்தலாம். இணைப்பு அறுந்தால் வேலை எப்படியும் வரிசைக்குத் திரும்பிவிடும். ஆனால் இணைப்பு இருக்க, வேலை மட்டும் உறைந்து நிற்கும் ஒர்க்கரை 2 மணி நேரம் பொறுத்துக்கொள்ள நேரிடும்.

இந்த இடத்தில் பீன்ஸ்டாக்டி என்ற இன்னொரு வேலை வரிசை மென்பொருளின் நெறிமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கெடு உண்டு. ஒர்க்கர் ‘டச்’ கட்டளை அனுப்பும்போதெல்லாம் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும். அந்தக் கட்டளையைத் தனி டைமரிலிருந்து அனுப்பாமல், ஒவ்வொரு பகுதியை மாற்றி முடித்ததும் அனுப்புங்கள். டைமரிலிருந்து அனுப்பினால் அதுவும் ஹார்ட்பீட்டைப் போலவே உறைந்த வேலையை மறைத்துவிடும்.

கேட்டவர்:
பதிவுக் கோப்பில் சேனல் சரியாக 30 நிமிடம் கடந்து மூடப்பட்டிருக்கிறது. மிக்க நன்றி. கெடுவை உயர்த்தினால் இரட்டை ஓட்டம் முற்றிலும் நின்றுவிடுமா?

பதில் 2:
நிற்காது. வேலையை முடித்து, ஒப்புகை போவதற்குள் இணைப்பு அறுந்தாலும் அது மறுபடி வரும். ஆகவே வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையானதும் இறுதிப் பெயருக்கு மாற்றுங்கள். மறுவிநியோகம் என்ற குறியுடன் செய்தி வந்தால், இறுதிக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒப்புகை மட்டும் அனுப்பினால் போதும்.