58 வயசு, முட்டி தேய்மானம்: பஸ்கி எடுக்கலாமா?

காலைநடை:
அப்பாவுக்கு மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி வலிக்குது. எக்ஸ்ரேல லேசான தேய்மானம்னு வந்திருக்கு. பார்க்ல கூட நடக்கிற ஒருத்தர் "தினம் நூறு பஸ்கி எடுங்க, சரியாயிடும்"ங்கிறார். டாக்டர் தரையிலயே உட்காரக் கூடாதுங்கிறார். யார் பேச்சைக் கேட்கிறது?

கர்லாகட்டை:
தாராளமா எடுக்கச் சொல்லுங்க. மடக்காம வெச்சிருந்தாதான் முட்டி கெடும். குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடும்போதுதான் அதுக்குச் சத்து போய்ச் சேருது. ஆழமா உட்கார்ந்தா ஜவ்வு தளர்ந்துடும்ங்கிற பயம் பரவினதுக்கு முக்கியக் காரணம், 1961ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட கார்ல் க்ளைன் வெளியிட்ட ஆய்வு. பின்னாடி மத்தவங்க அளந்து பார்த்தப்போ அந்தத் தளர்ச்சி தென்படலை. 2013ல ஹார்ட்மன் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, முறையா எடுத்தா ஆழமான பஸ்கியால முட்டிக்குக் கூடுதல் ஆபத்து இல்லைன்னு எழுதினாங்க. நம்ம பாட்டிமார் எல்லாம் குந்தி உட்கார்ந்துதானே வேலை பார்த்தாங்க?

வார்டு சிஸ்டர்:
பாட்டிமார் முட்டியை யார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க? வலியைச் சொல்லாமலே காலத்தை ஓட்டினவங்க அவங்க. பெய்ஜிங்ல 60 வயசு தாண்டினவங்ககிட்ட, 25 வயசுல தினம் எவ்வளவு நேரம் குந்தியிருந்தீங்கன்னு கேட்டு ஒரு ஆய்வு 2004ல வந்தது. அதிக நேரம் குந்தினவங்களுக்கு முட்டித் தேய்மானமும் அதிகமா இருந்துச்சு. நீங்க சொல்ற 2013 கட்டுரை நல்ல முட்டியைப் பத்தினது. இங்க கேட்டிருக்கிறது தேய ஆரம்பிச்ச முட்டியைப் பத்தி. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

கர்லாகட்டை:
சிஸ்டர், பெய்ஜிங் கணக்கு மணிக்கணக்கா அசையாமக் குந்தியிருந்தவங்களோடது. பஸ்கியில அடியில இருக்கிறது ஒரு நொடி. அதையும் இதையும் ஒண்ணாக்கினது நீங்கதான்.

வார்டு சிஸ்டர்:
குந்தறது வேற, பஸ்கி வேறன்னு ஒத்துக்கறேன். நூறுங்கிற எண்ணை ஒத்துக்க மாட்டேன். படி இறங்கும்போது வலின்னா பெரும்பாலும் முட்டிச்சில்லுக்குப் பின்பக்கம்தான் சந்தேகம் போகும். முட்டி 90 டிகிரி பக்கம் மடங்கும்போது அங்கதான் அழுத்தம் உச்சத்துல இருக்கும். இன்னொண்ணு, பழக்கமில்லாத உடம்புல திடீர்னு நூத்துக்கணக்கா எடுத்தா தசை சிதைஞ்சு, சிறுநீர் கறுத்து, கிட்னி வரைக்கும் பாதிக்கலாம். பிள்ளைகளைத் தண்டனையா உட்கார்ந்து எழவைக்கிற வாத்தியார்களும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

பிசியோ மதுரை:
தேய்மானம் இருந்தாலும் உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சைன்னு உலக அளவிலான வழிகாட்டுதல்கள் எல்லாம் சொல்லுது. தொடைத்தசை பலம் குறைஞ்சா பாரம் மூட்டு மேல விழும். அதனால "உட்காராதே"ங்கிறதோட நிறுத்தறது தப்பு. நூறுல ஆரம்பிக்கிறதும் தப்பு.

உயரமான நாற்காலியில ரெண்டு தலையணை வெச்சு, கையை ஊனாம மெதுவா உட்கார்ந்து எழச் சொல்லுங்க. பத்து பத்தா ரெண்டு சுற்று, வாரத்துக்கு மூணு நாள். குதிகால் தரையில பதியணும். நம்ம பழைய பஸ்கியில குதிகால் தூக்கிக்கும், முட்டி நல்லா முன்னால போகும். அப்பாவுக்கு இப்போ அது வேண்டாம். முட்டி உள்பக்கம் சாயாம, பாதவிரல் பார்க்கிற திசையிலயே போகணும்.

முட்டி விரலைத் தாண்டவே கூடாதுங்கறாங்களே, அதுக்காகப் பயப்பட வேண்டாம். 2003ல பளுவோட அளந்தப்போ, அப்படித் தடுத்ததும் முட்டியில விசை சுமார் 22% குறைஞ்சது, ஆனா இடுப்புல பத்து மடங்கு கூடிடுச்சு.

வலியைப் பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க. அஞ்சுக்குள்ள இருந்து, மறுநாளைக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா தொடரலாம். எடை கூட இருந்தா குறைக்கணும். ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும்.

கர்லாகட்டை:
நாற்காலியோட நிறுத்திடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தலையணையை எடுத்துட்டு, உயரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து தரை வரைக்கும் போகணும். பந்தியில தரையில உட்கார்ந்து சாப்பிட முடியாத வாழ்க்கையை 58லயே அவருக்குக் கொடுக்கணுமா?

வார்டு சிஸ்டர்:
தரையில உட்கார முடியலைங்கிறதை விட, அறுபத்தஞ்சுல முட்டி மாத்துற நிலைமை பெரிய கஷ்டம். வலி இல்லாத உயரம் எதுவோ அங்கேயே நிறுத்துங்க. காலைநடை, முட்டியில வீக்கம் இருக்கா? மடக்கினா பூட்டிக்குதா?

காலைநடை:
வீக்கம் இல்லை சிஸ்டர், பூட்டிக்கறதும் இல்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போது பிடிச்சுக்குதுன்னு சொல்வார், நாலடி நடந்தா விட்டுடும்.

பிசியோ மதுரை:
அப்போ நாற்காலியில ஆரம்பிக்கலாம். ஆறு வாரம் கழிச்சுப் படி இறங்கறது எப்படி இருக்குன்னு இங்கயே எழுதுங்க. நடுவுல வீக்கம் வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

வார்டு சிஸ்டர்:
பார்க் நண்பர்கிட்டயும் சொல்லிடுங்க, அந்த நூறு வேண்டாம்னு.